வான் பாயும் கணக்கு



கணினியைப் பற்றிப் பொதுமேடையிற் பேச வருபவர்கள் அந்த இயந்திரம் செய்யும் அற்புதங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் சபையை வியப்பில் ஆழ்த்துவது வழக்கமாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்ட விஷயமோ அவ்வளவு பகட்டானதன்று. ஒரு வினாவுக்கு விடை காண்பதற்கு அதே வினாவை அதனினும் சிறிய ஓரிடத்திற் கேட்டுப் பெறுகின்ற மீளழைப்பு என்னும் உபாயம், அவ்வுபாயத்திற்குச் செல்லும் வேலையின் அளவு, அவ்வேலை நடக்கும்போது இடைவிடைகளையும் தரவுகளையும் நிரைப்படுத்தி வைத்துக்கொள்ளும் ஒழுங்குகள் ஆகிய மூன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவர்கள் இவற்றை வரைவிலக்கணங்களாக மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் விடுகிறார்கள். அவ்வாறு மறப்பதற்குரியவை அல்ல இவை என்பதும், வன்னியிலே பிறந்த பிள்ளைக்கு இவற்றைக் கண்முன்னே காட்டுவதற்குரிய சாதனம் வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கும் வாய்க்காத அளவுக்கு வாய்த்திருக்கிறது என்பதும் என்னுடைய உறுதியான எண்ணம். அந்தச் சாதனம் நம்முடைய குளங்களே.

கிளிநொச்சியார் குளம் என்றவுடன் இரணைமடுவையே நினைப்பர். 1902இல் தொடங்கி 1921இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டு, இன்று ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கு மேல் நீர் கொள்ளும் அந்தப் பெருங்குளத்துக்கு நீர் கொணரும் கனகராயன் ஆறு, வவுனியா வடக்கிலே சேமமடுவை அண்டித் தோன்றி, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, இரணைமடுவில் நிறைந்து, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளம் கடனீரேரியிற் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த ஆற்றை மாத்திரம் பார்ப்பவருக்கு ஒரு நீண்ட கோடு தெரியும். அதன் இருமருங்கிலும் உள்ள காடுகளுக்குள்ளே சென்று பார்ப்பவருக்கோ, ஒன்றின் வான்நீர், அதாவது நிறைந்து வழியும் நீர், மற்றொன்றின் வரத்தாகவும், அதன் வான்நீர் இன்னொன்றின் வரத்தாகவும் அமைந்த சிறு குளங்களின் தொடர்கள் தெரியும். உலர்வலயம் முழுவதும் பரந்துள்ள இந்த அமைப்பை 1985இல் பேராசிரியர் மத்தும பண்டார அவர்கள் அடுக்குக் குளத் தொகுதி என்று எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் 2017இல் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மரபுரிமை என்ற பெருமை ஒருபுறம் இருக்க, இதனுள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. அதுவே நம்முடைய பொருள்.

மாரி காலத்தில், கார்த்திகை மார்கழி மழை இரண்டு நாள் விடாமற் பெய்த பின்பு, கீழ்க்குளத்துக் கட்டிலே நிற்கும் முதிய கமக்காரர் ஒருவர் தொலைபேசியை எடுத்து, மேல் ஊரிலுள்ள இளைஞனைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கட குளம் வான் பாய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லை ஐயா, அரையடி கிடக்கு. ஆனா மேல்குளம் எப்பிடியெண்டு கேட்டுத்தான் சொல்லவேணும்" என்று அவன் மறுமொழி சொல்கிறான். இந்தச் சம்பாஷணைக்குள் மீளழைப்பின் இலட்சணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கேட்ட வினா ஒன்று. அதற்கு விடை சொல்ல முற்பட்டவன் அதே வினாவை இன்னொருவரிடம் கேட்க வேண்டியவனாகிறான்.

இதனை எண்களால் நிறுவிப் பார்ப்போம். மேற்குளம், நடுக்குளம், கீழ்க்குளம் என மூன்று குளங்கள். மேற்குளம் 200 ஏக்கர் அடி கொள்ளும். இப்போது 150 இருக்கிறது. தன் நீரேந்து பரப்பிலிருந்து 80 வந்து சேர்கிறது. நடுக்குளம் 300 கொள்ளும், 240 இருக்கிறது, சொந்த வரத்து 50. கீழ்க்குளம் 500 கொள்ளும், 450 இருக்கிறது, சொந்த வரத்து 60. கீழ்க்குளம் எவ்வளவு வான் பாயும்? தன்னுடைய கணக்கை மாத்திரம் பார்த்தவர் 450உடன் 60ஐக் கூட்டி, 510 என்று கண்டு, 10 ஏக்கர் அடி வழியும் என்பார். ஆனால் நடுக்குளத்தின் வான்நீரைக் கேளாமல் இந்த விடை சொல்லக்கூடியதன்று. நடுக்குளமோ மேற்குளத்தைக் கேட்க வேண்டும். மேற்குளத்துக்கு மேலே குளம் இல்லை. ஆகவே அது எவரையும் கேளாமல், 150உம் 80உம் 230, கொள்ளளவு 200, வழிவது 30 என்று தானே சொல்லிவிடுகிறது. அந்த முப்பதைப் பெற்ற நடுக்குளம் 240, 50, 30 ஆகியவற்றைக் கூட்டி 320 என்று கண்டு 20ஐ விடுகிறது. கீழ்க்குளம் 450, 60, 20 கூட்டி 530 என்று கண்டு 30ஐ விடுகிறது. பத்து என்று எண்ணியிருந்தவர் முப்பதைக் காண்கிறார்.

எவரையும் கேளாமல் விடை சொல்லிய அந்த மேற்குளமே இம்முறையின் அடித்தளம். அது இல்லையாயின் வினா மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். விடை ஒருகாலும் கீழே வராது. நம்முடைய குளங்களில் அந்த ஆபத்து இல்லாமைக்குக் காரணம், நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே பாயும் என்னும் இயற்கை நியதி. ஒவ்வொரு முறை வினாவை மேற்குளத்துக்கு அனுப்பும்போதும் நாம் நிலத்திலே சிறிது உயரமான ஓரிடத்துக்குப் போகிறோம். உயரத்துக்கு ஓர் எல்லை உண்டாதலால் வினாவுக்கும் ஓர் எல்லை உண்டு. யாரேனும் கீழ்க்குளத்து நீரைப் பம்பி வைத்து மேற்குளத்துக்கு ஏற்றுவாராயின், அன்றே இந்த நியதி முறிந்து, கீழ்க்குளம் நடுக்குளத்தையும், நடுக்குளம் மேற்குளத்தையும், மேற்குளம் மறுபடி கீழ்க்குளத்தையும் கேட்கும் சுழல் உண்டாகிவிடும். மீளழைப்பு எழுதும் மாணவன் முதலிலே தன்னைத் தான் கேட்டுக்கொள்ள வேண்டியது, "என்னுடைய வினா ஒவ்வொரு படியிலும் எதிலே சிறிதாகிறது?" என்பதே. இதற்கு விடை தெரியாதவன் நிரலை எழுதத் தொடங்கலாகாது.

மாணவர்கள் மீளழைப்பைக் கண்டு மிரள்வதற்கு உண்மையான காரணம், அவர்கள் எல்லாக் குளங்களையும் ஒரே சமயத்தில் மனத்திலே தாங்க முயல்வதுதான். கீழ்க்குளத்துக் கமக்காரர் அப்படிச் செய்வதில்லை. நடுக்குளத்தவன் சொல்லும் எண் சரியானது என்று கொண்டு, தம்முடைய கூட்டலை மாத்திரம் செய்கிறார். அந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கையன்று. மேலே குளமில்லாத குளத்தின் விடை சரி. ஒரு குளத்துக்கு மேலுள்ளவற்றின் விடை சரியாயின் அதன் விடையும் சரி. ஆகவே எல்லாக் குளங்களின் விடையும் சரி என்று கணிதத்திலே தொகுத்தறிமுறையாக நாம் படித்த அதே பிரமாணம் இங்கே காவல் நிற்கிறது.

நடுக்குளம் மேற்குளத்தின் விடைக்காகக் காத்திருக்கும் வேளையில், கீழ்க்குளம் நடுக்குளத்தின் விடைக்காகக் காத்திருக்கிறது. பாதியிலே நிற்கும் இந்தக் கூட்டல்களைக் கணினி எங்கே வைத்துக்கொள்கிறது? இறுதியாக வைத்ததை முதலில் எடுக்கின்ற அடுக்கிலே வைக்கிறது. ஒவ்வொரு கூட்டலும் ஒரு தாள் எனக் கொண்டால், கீழ்க்குளத்தின் தாள் அடியில், அதன்மேல் நடுக்குளத்தின் தாள், அதன்மேல் மேற்குளத்தின் தாள். விடை கிடைத்த தாள் மேலிருந்து அகற்றப்பட, அதன் கீழுள்ள தாள் தன் கூட்டலைத் தொடர்கிறது. அலன் டியூரிங் 1946ஆம் ஆண்டளவில் தமது கணிப்பொறித் திட்ட அறிக்கையிலேயே, வேறொரு பணிக்குச் செல்லுமுன் திரும்பி வரவேண்டிய இடத்தைப் புதைத்து வைப்பது, மீண்டதும் தோண்டி எடுப்பது என்று இவ்வுபாயத்தை விவரித்திருந்தார். 1957இல் மியூனிக் நகரத்து பவுவர், சாமெல்சன் என்னும் இருவர் இதற்கு ஆக்கவுரிமை கோரினர். அடுத்த ஆண்டில் ஜோன் மக்கார்த்தி வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் என்னும் மொழி மீளழைப்பையே தன் உயிர்நாடியாகக் கொண்டது. இந்த அடுக்கு எல்லையற்றதன்று. உங்கள் பாடத்திட்டத்திலுள்ள பைதன் மொழி, நாம் வேறாகச் சொல்லாவிட்டால், ஏறத்தாழ 1,000 அழைப்புகள் அடுக்கப்பட்டதும் வேலையை நிறுத்திப் பிழை காட்டிவிடும். அடித்தளத்தை எழுத மறந்த மாணவன் திரையிலே காண்பது பெரும்பாலும் இந்தப் பிழையைத்தான். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எங்கே மறதி நேர்ந்தது என்பதை அது நேரே சுட்டிக்காட்டுகிறது.

இதுவரை சொல்லியது இலகுவான பகுதி. இனிச் சொல்லப் போவது மிக நுட்பமானது. சபையோர் சற்றே கவனஞ் செலுத்த வேண்டுகிறேன்.

ஒரு குளத்திலிருந்து நீர் வெளியேறும் வழி வான் ஒன்றுதானா? துருசும் உண்டு. துருசு வழியே வாய்க்காலுக்குச் சென்று, வயல்களிற் பாய்ந்து, எஞ்சிய கழிவுநீரும் பள்ளம் நோக்கி வந்து கீழேயுள்ள குளத்தையே சேர்கிறது. ஆகவே நடுக்குளத்திலிருந்து கீழ்க்குளத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. துருசிலே செல்லும் அளவும் குளத்தின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. நீர்மட்டமோ மேற்குளத்திலிருந்து வந்த நீரைப் பொறுத்தது. இப்போது நிரல் எழுதும் மாணவன், "வான்நீர் எவ்வளவு?" என்று ஒரு தடவையும், "கழிவுநீர் எவ்வளவு?" என்று மறு தடவையும் மேலுள்ள குளத்தைக் கேட்குமாறு எழுதிவிடுகிறான். பார்வைக்கு அதிலே யாதொரு குற்றமும் இல்லை. விடையும் சரியாகவே வரும். ஆனால் கீழ்க்குளம் நடுக்குளத்தை இரண்டு தடவை கேட்க, நடுக்குளம் ஒவ்வொரு தடவையும் மேற்குளத்தை இரண்டு தடவை கேட்க, மூன்று குளங்களுக்கு ஏழு கணிப்புகளாகின்றன. தொடரிலே பத்துக் குளங்கள் இருந்தால் 1,023. இருபது இருந்தால் 10,48,575. முப்பது இருந்தால் 107 கோடிக்கு மேல். ஒவ்வொரு குளம் கூடும்போதும் வேலை இரண்டு மடங்காகி, அதன்மேல் ஒன்றும் சேர்கிறது.

இந்த எண்கள் கணித உலகுக்குப் பழக்கமானவை. 1883இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித விற்பன்னர் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டபோது, 64 தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து மற்றொரு கம்பத்துக்கு மாற்றுவதற்கு வேண்டிய நகர்த்தல்களுக்கும் இதே இரட்டிக்கும் விதியே அமைந்தது. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேற் செல்லும் என்றால், 1,380 கோடி ஆண்டு வயதுடைய பிரபஞ்சம் அதன்முன் எத்துணைச் சிறுபொழுது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

"வேகமான கணினி ஒன்றை வாங்கினாற் போயிற்று" என்று ஒருவர் சொல்லலாம். ஆயிரம் மடங்கு வேகமான கணினியே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குளத்துக்கும் வேலை இரட்டிப்பதாலும், பத்து முறை இரட்டித்தால் ஆயிரத்து இருபத்துநான்கு மடங்காவதாலும், அந்த மகத்தான இயந்திரம் நமக்குப் பத்துக் குளங்களைக் கூட மேலதிகமாகக் கணித்துத் தர இயலாது. ஆயிரம் மடங்குப் பணம் கொடுத்துப் பத்துக் குளமும் பெறாத இந்த வியாபாரத்தை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும். நெறிமுறையின் சிக்கலளவு என்ற பாடத்தை ஏன் படிக்கிறோம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதற் காரணம் இதுதான்.

பரிகாரம் மிக எளிது, ஒரு கொப்பிதான். ஒரு குளத்தின் கணக்கை முதன்முறை செய்தவுடன் விடையைக் கொப்பியிலே குறித்துவைத்து, மறுமுறை அதே வினா வந்தால் மேலே கேளாமல் கொப்பியைப் பார்த்துச் சொல்லிவிடுவது. அப்போது முப்பது குளங்களுக்கு முப்பது கணிப்புகள் போதும். 107 கோடி எங்கே, முப்பது எங்கே! இயந்திரம் மாறவில்லை, மொழி மாறவில்லை, வினாவும் மாறவில்லை. முன்பு கேட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டோம், அவ்வளவே. குளங்களின் எண்ணிக்கையோடு நேராக வளரும் வேலைக்கும், ஒவ்வொரு குளத்துக்கும் இரட்டிக்கும் வேலைக்கும் உள்ள வேற்றுமையைச் சுருக்கமாகக் குறிக்க, 1894இல் பவுல் பாக்மன் என்னும் ஜெர்மானியர் எண்கோட்பாட்டில் உபயோகித்ததும், பின்னர் எட்மண்ட் லண்டாவ் பரவச் செய்ததும், 1976இல் டொனால்ட் நூத் கணினியியலாளர்க்கு வரையறுத்துத் தந்ததுமான பெரிய ஓ என்ற குறியீடு பயன்படுகிறது. குறியீட்டை எழுதத் தெரிந்தால் மாத்திரம் போதாது. எதை எண்ணுகிறோம் என்பது தெரிய வேண்டும். நாம் இங்கே எண்ணியது, குளத்தை எத்தனை முறை கேட்டோம் என்பதை.

மேனாட்டார் பெயர்களையே சொல்லிக்கொண்டு போவதால் இவ்வகைச் சிந்தனை அங்கேயே பிறந்தது என்று கொள்ளலாகாது. யாப்பு நூலாராகிய விரகாங்கர், இத்தனை மாத்திரை கொண்ட அடிகள் எத்தனை வகையாக அமையும் என்ற வினாவை ஆராய்ந்து, அடியின் இறுதியில் நிற்பது ஒரு மாத்திரையுள்ள லகுவாயின் எஞ்சியது ஒன்று குறைந்த அடி, இரண்டு மாத்திரையுள்ள குருவாயின் எஞ்சியது இரண்டு குறைந்த அடி; ஆகவே அவ்விரண்டின் எண்ணிக்கைகளையும் கூட்டினால் விடை வரும் என்று கண்டார். எட்டு மாத்திரைக்கு 34 வகை. 1150ஆம் ஆண்டளவில் ஹேமசந்திரரும் இதனைக் கூறினார். 1202இல் நூலெழுதிய பிபொனாச்சியின் பெயரை இந்த எண்கள் தாங்கி நிற்பது வரலாற்றின் தற்செயல். அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்திலோ, இரண்டை இத்தனை முறை பெருக்குவதற்கு ஒவ்வொன்றாகப் பெருக்காமல், எண்ணைப் பாதி பாதியாகக் குறைத்து, பாதியின் விடையை வர்க்கமாக்கி விரைவிற் காணும் வழி கூறப்பட்டிருக்கிறது. சிறிய வினாவின் விடையைக் கொண்டு பெரிய வினாவை முடிப்பது மாத்திரமன்றி, அதனைக் குறைந்த வேலையில் முடிப்பதிலும் அந்தப் பெரியவர் கருத்துச் செலுத்தியிருக்கிறார் என்பது நான் பெரிதும் மதிக்கும் செய்தி.

மீண்டும் குளக்கட்டுக்கு வருவோம். கீழிருந்து மேலே கேட்டுப் போவது ஒரு வழி. மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டு வருவது மற்றொரு வழி. மேலே குளமில்லாத குளங்களையெல்லாம் முதலில் வரிசையிலே நிறுத்துகிறோம். வரிசையின் முன்னே நிற்பதை எடுத்து, அதன் கணக்கை முடித்து, வழியும் நீரை அடுத்த குளத்தின் கணக்கிற் சேர்க்கிறோம். அந்த அடுத்த குளத்துக்கு நீர் தரும் குளங்கள் யாவும் கணக்கை முடித்துவிட்டனவாயின், அது வரிசையின் பின்னே போய் நிற்கிறது. முதலில் வந்தது முதலிற் செல்லும் இந்த வரிசையைக் கொண்டு, ஒரு குளத்தையும் இரு தடவை கணியாமல் ஆற்றின் முகம்வரை வந்துவிடலாம். ஆர்தர் கான் என்பவர் 1962இல் வெளியிட்ட முறை இது. 2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அல்லலுற்றதையும் இச்சபையில் உள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தகைய இரவிலே மழை ஒவ்வொரு மணிக்கும் மாறுகிறது; கணக்கும் மணிக்கு மணி புதிதாகச் செய்யப்பட வேண்டும். அப்போது முப்பது கணிப்பா, நூறு கோடிக் கணிப்பா என்பது பரீட்சை வினாவாக நிற்பதில்லை.

குளங்களின் விவரங்களை எப்படி வைப்பது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அணி என்பது நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் ஒரே அளவாக வைக்கப்பட்ட பதிவுகள். எட்டாவது குளம் வேண்டுமென்றால் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்து நேரே அங்கே போகலாம். பெயர்களை அகரவரிசைப்படுத்தி வைத்தால், நடுவிலே பார்த்து, பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியின் நடுவிலே பார்த்து, ஆயிரம் குளங்களுள் வேண்டியதைப் பத்தே பார்வையிற் கண்டுபிடிக்கலாம். ஆனால் இடையிலே ஒரு குளத்தைப் புகுத்த வேண்டுமாயின் அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் ஒவ்வோரிடம் நகர்த்த வேண்டும். இணைப்புப் பட்டியலிலோ, ஒவ்வொரு பதிவும் தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்பதைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. புகுத்துவதும் நீக்குவதும் ஓரிரு குறிப்புகளை மாற்றும் வேலை. எட்டாவதை அடையவோ ஏழைக் கடந்துதான் போக வேண்டும். நம்முடைய குளங்கள் நிலத்திலே இணைப்புப் பட்டியலாகவே கிடக்கின்றன. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் எழுதினால் அணியாகின்றன. ஒன்றை மற்றொன்றுக்குத் தாழ்ந்ததென்று சொல்வதற்கில்லை. எந்த வினாவை அடிக்கடி கேட்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே தெரிவு அமையும்.

இங்கே ஒரு பிழைக்கு இடமுண்டு. யுத்த காலத்திலும் அதற்கு முன்பும் பராமரிப்பின்றி உடைப்பெடுத்துக் கிடந்த சிறு குளங்கள் வன்னியிற் பல. நமது நடுக்குளம் அப்படி உடைந்து கிடந்தது என்று வைப்போம். பட்டியலில் அதனை நீக்கி, மேற்குளத்தின் அடுத்தது என்ற குறிப்பைக் கீழ்க்குளத்துக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று மாணவன் நினைப்பான். அவனுடைய கணக்கில் 450, 60, 30 சேர்ந்து 540, வழிவது 40. ஆனால் பட்டியலிலிருந்து குளத்தை நீக்கியதனால் அதன் நீரேந்து பரப்பிற் பெய்யும் மழை நீங்கிவிடாது. அந்த 50உம் கீழே வரத்தான் செய்யும். வழிவது 90. ஆகவே உடைந்த குளத்தை நீக்காமல், கொள்ளளவும் இருப்பும் பூச்சியம் என்று எழுதி, தொடரிலே இருக்கவிட வேண்டும். தரவமைப்பு சரியாக இருந்தும் பொருள் பிழைத்துப்போகும் இடம் இது. இத்தகைய இடங்களை கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியல் பயிலும் பிள்ளைகளும், பம்பைமடுவிலே வவுனியாப் பல்கலைக்கழகத்திற் பயிலும் பிள்ளைகளும் நிலத்தை நடந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

பாடசாலை மாணவர்கள் கணினி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். தங்கள் ஊர்க் குளத்தின் கொள்ளளவு, இன்றைய இருப்பு, சொந்த வரத்து, அடுத்த குளம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, மேலும் கீழும் உள்ள குளங்களுக்கும் அவ்வாறே எழுதி, கையாலேயே கணித்துப் பார்க்கட்டும். பிறகு இதையும் செய்யட்டும்: நடுக்குளம் முன்பே உடைந்திராமல், கீழ்க்குளம் நிறைந்திருக்கும் அதே இரவில் உடைகிறது. அதிலே தேங்கியிருந்த 240உம் அதன் 50உம் மேற்குளத்தின் 30உம் ஒருங்கே இறங்க, கீழ்க்குளத்தின் வானிலே 330 ஏக்கர் அடி பாய வேண்டும். முப்பது என்று சொல்லியிருந்த கணக்கிலே, எந்தப் பதிவின் எந்த எண்ணை மாற்றினால் இந்த 330 வரும்?